ஊழியர்களை நீக்கினால் அமெரிக்காவின் பற்றாக்குறை தீர்ந்துவிடுமா?

"அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினால் பட்ஜெட் பற்றாக்குறையே இருக்காது" என்ற செய்தி பகிரப்படுகிறது. இது தவறு.

2024 நிதியாண்டில் அந்த அரசின் செலவு சுமார் 6.75 லட்சம் கோடி டாலர், பற்றாக்குறை சுமார் 1.8 லட்சம் கோடி. ராணுவ வீரர்களையும் தபால் துறையையும் விட்டுவிட்டால் அப்போது ஊழியர்கள் ஏறத்தாழ 23 லட்சம் பேர். இவர்களுடைய சம்பளம், சலுகைகளுக்கு 2022-ல் ஆன செலவு சுமார் 27,100 கோடி டாலர் என்கிறது நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம். சரி, ஒருவரையும் விடாமல் அனுப்பினாலும் பற்றாக்குறையில் ஆறில் ஒரு பங்குகூடக் குறையாது. அந்தச் சம்பளத்திலும் பாதிக்கு மேல் பாதுகாப்பு, முன்னாள் படைவீரர் நலன், உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகிய துறைகளுக்குத்தான் போகிறது. முன்னாள் வீரர்களின் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் நர்ஸ்களும் இந்தக் கணக்கில் அடக்கம்.

பணம் பெருமளவு போவது முதியோர் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, ராணுவம், கடன் வட்டி ஆகியவற்றுக்கு. 2 லட்சம் கோடி டாலர் மிச்சப்படுத்தலாம் என்று 2024 அக்டோபரில் சொன்னவர், பிறகு டிரம்ப் அரசின் செலவுக் குறைப்புப் பணியை முன்னின்று நடத்திய தொழிலதிபர் எலான் மஸ்க்; அவரே அடுத்த ஏப்ரலில் 15,000 கோடிக்கு இறங்கி வந்தார்.

ஆட்குறைப்பு குடியரசுக் கட்சிக்கு மட்டுமே உரிய கொள்கை என்பதும் சரியல்ல. 2,72,900 பணியிடங்களைக் குறைக்கும் சட்டத்தில் 1994-ல் கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சியின் பில் கிளின்டன். அரசு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதில் இரு கட்சிகளும் மோதட்டும், அது நியாயமான வாதம். ஆனால் லட்சக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பைப் பொய்க் கணக்கு காட்டிப் பறிக்கச் சொல்வதை ஏற்க முடியாது.