எட்டாம் கற்பனையும் எங்கள் சபையாரும்

போன ஞாயிறு, நான் சொல்லிக்கொடுக்கும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் சபை முன்னால் ஞானோபதேசக் (விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் சிறு புத்தகம்) கேள்வி கேட்டபோது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வாட்ஸ்அப் குரூப்பில் இன்னும் அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது. சரி, நானும் எழுதிவிடுகிறேன்.

என் வகுப்புப் பெண் ஒருத்திக்கு வந்தது எட்டாம் கற்பனை, அதாவது பத்துக் கட்டளைகளில் லுத்தரன் சபை எண்ணிக்கைப்படி எட்டாவது. "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" வரை தடையில்லாமல் சொன்னாள். "இதற்குப் பொருள் என்ன?" என்றதும் நின்றுவிட்டது. வெள்ளை உடையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். உடனே ஒரு பெரியவர் மைக்கை வாங்கி, "ஞாயிறு பள்ளியில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் இரண்டாவது வரிசையில்தான் இருந்தேன், ஐயா.

அவள் மறந்த பொருள் என்ன தெரியுமா? அடுத்தவரைப் புறங்கூறாதே, அவருக்காகப் பரிந்து பேசு, எதையும் நல்லவிதமாகவே எடுத்துக்கொள் என்பது. ஆராதனை முடிந்ததும் வாசலில் கூடி அவளையும் என்னையும் பற்றி அரைமணி நேரம் பேசியவர்களுக்கு அது மனப்பாடம்தான். வாழ்த்துகள்.

கணக்குப் போடுவோம். ஞாயிறு பள்ளி வாரம் முக்கால் மணி நேரம். 52 வாரமும் ஒன்றுவிடாமல் நடந்தால் வருஷத்துக்கு 39 மணி நேரம். இரண்டு நாள்கூட இல்லை. இதில் பண்டிகை, பரீட்சை, கல்யாணம், தூங்கிவிட்டோம் டீச்சர். மீதி நேரமெல்லாம் பிள்ளை யாரிடம் இருக்கிறது?

ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோது, குடும்பத் தலைவர் இதைத் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டும் என்று பகுதிக்குப் பகுதி தலைப்பிலேயே போட்டார். முதலில் அது சுவரில் மாட்டும் தாள்களாகத்தான் அச்சானது. புத்தகமானது அப்புறம். ஞாயிறு பள்ளி என்ற ஒன்று பரவ இன்னும் இரண்டரை நூற்றாண்டு இருந்தது. வீடுதான் வகுப்பு. இதை நான் சொல்லவில்லை, நம் சபைக்குப் பேர் கொடுத்தவர் சொன்னது.

"அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் லுத்தர் போதகர்களையும்தானே திட்டினார்?" என்று குரூப்பில் ஒருவர் கேட்டிருந்தார். திட்டினார், உண்மைதான். கற்க மறுக்கிறவர்களுக்குச் சோறு தண்ணீர் தராதீர்கள் என்றுகூட எழுதினார். நான் அவ்வளவு தூரம் போகவில்லையே!

"எங்களுக்கு வேலை, நேரம் இல்லை." என் அப்பாவுக்கும் இல்லை. இரவு வேலை முடிந்து வந்து, தூங்கப் போகும் முன் சவரம் செய்வார். கண்ணாடிக்குக் கீழே ஞானோபதேசம் சாய்த்து வைத்திருக்கும். முகம் முழுக்க நுரையோடு, "மூன்றாம் பிரிவு, பொருள் சொல்லு" என்பார். விசுவாசப் பிரமாணத்தில் பரிசுத்த ஆவியைப் பற்றிய பகுதி அது. நான் தடுக்கினால் அவர் சொல்ல மாட்டார், புத்தகத்தை எட்டிப் பார்ப்பார். அவருக்கும் தெரியாது! இரண்டு பேரும் சேர்ந்துதான் கற்றோம். அந்தப் பக்கத்தில் சோப்புக் கறை இன்னும் இருக்கிறது. பெரிய வேதபண்டிதரான லுத்தரே, தினமும் காலையில் சிறு பிள்ளை மாதிரி பத்துக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் சொல்லிக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறார். நம் வீட்டில் கடைசியாக யார், எப்போது சொன்னோம்?

"மனப்பாடம் விசுவாசமாகாது" என்பவர்களுக்கு: ஆகாதுதான். ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் எதிர்பார்த்தது மனப்பாடத்தை மட்டும்தானே? போன மாதம் வகுப்பில் அவள் கேட்டாள், "உண்மையைச் சொன்னால் ஒருத்தருக்கு அவமானம் வரும் என்றால் அதையும் சொல்லணுமா அக்கா?" என்று. அதைவிடப் பெரிய எட்டாம் கற்பனைக் கேள்வியை நான் கேட்டதில்லை. மைக் பிடித்தவருக்கு இது எப்படித் தெரியும்? பதினொரு வருஷத்தில் ஒரு நாள் வகுப்பின் கதவைத் திறந்து பார்த்திருக்கிறாரா?

சரி, நீங்கள் எல்லாரும் நினைத்து, ஒருவர் மட்டும் கமெண்டில் எழுதிய கேள்விக்கு வருகிறேன். "உங்கள் மகன் ஏன் சபைக்கு வருவதில்லை?" ஆமாம், வருவதில்லை. இரண்டு வருஷமாக. அவனுக்கும் அதே புத்தகம்தான், அதே கேள்விகள்தான், ஒரு காலைகூடத் தவறவில்லை. அப்படியென்றால் வீட்டில் கற்பிப்பதும் வீண்தானே என்று கேட்பீர்கள். என்னிடம் பதில் இல்லை. என் சொந்தப் புத்தியினாலும் பலத்தினாலும் இயேசுவை விசுவாசிக்க முடியாது, பரிசுத்த ஆவியானவர்தான் அழைக்கிறார் என்று மூன்றாம் பிரிவின் பொருளில் வருகிறது. அதை இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது ராத்திரியில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அதையும் குரூப்பில் போட்டுப் பேசுங்கள்.

இந்த ஞாயிறும் ஆராதனைக்கு முன் வழக்கம்போல வகுப்பு உண்டு. பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்புகிறவர்கள் ஒரு பத்து நிமிஷம் உள்ளே வந்து உட்காருங்கள். பின்னால் நாற்காலி போட்டு வைக்கிறேன்.