உட்காரச் சொன்னவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் நடந்த 1908 எழுச்சி நினைவுக் கூட்டத்தைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் நான்கு நாட்களாக இருந்தேன். அரங்கில் இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். பேச்சாளர் எனக்கும் வேண்டியவர், அதனால் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் எழுந்து, "1908-இல் வகுப்பை விட்டு வெளியே வந்த மாணவர்களைப் போற்றுகிறீர்கள், 2024-இல் டாக்காவில் வெளியே வந்தவர்களை மட்டும் ஏன் கூலிக்குக் கூடிய கூட்டம் என்கிறீர்கள்?" என்று கேட்டதற்கு, "உக்காரும்மா, படிக்கிற வயசுல படிச்சாப் போதும்" என்று அவர் சொன்னதையும், அதற்கு அரங்கத்தில் பாதிப்பேர் கைதட்டியதையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நாம் எதற்காக அங்கே கூடியிருந்தோம்? 1908 மார்ச் 12-ஆம் நாள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. இந்துக் கல்லூரி மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறினார்கள். நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் காவல் நிலையமும் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். பிறகு தண்டப் போலீசைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்கான செலவையும் ஊர் மக்கள் தலையிலேயே வரியாகக் கட்டினார்கள். அன்று சிவாவுக்கு வயது 23, எட்டயபுரத்துப் பாரதிக்கு 25. அந்த நாளை நினைவுகூரக் கூடிய மேடையிலிருந்து ஒரு மாணவியைப் பார்த்து 'உட்கார்' என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

யாரோ ஏவித்தான் கூட்டம் கூடுகிறது என்று அன்றைய ஆங்கிலேய அதிகாரிகளும் சொன்னார்கள். ஏதுமறியாத மக்களை வ.உ.சி.யும் சிவாவும் பேசிப் பேசித் தூண்டிவிட்டார்கள் என்பதுதான் அரசுத் தரப்பு வழக்கு. வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை கிடைத்ததும் அந்தக் கதையை நீதிமன்றம் நம்பியதால்தான். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே சொல்லை நம்மவர் ஒருவர் வாயிலிருந்து கேட்க நேர்ந்தது எனக்கு வலிக்கிறது.

அடக்குமுறை ஆட்சியில் வாழும் இளைஞனை யாரும் தூண்டிவிட வேண்டியதில்லை. அவன் வேண்டாம் என்று விலகி நின்றாலும் அரசியல் அவன் வீட்டுப் படியேறி உள்ளே வந்துவிடும். மியான்மரைப் பாருங்கள். 2021 பிப்ரவரி 1-ஆம் நாள் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தலைநகரில் நடந்த போராட்டத்தில் தலையில் குண்டு பாய்ந்து இறந்த பெண்ணுக்கு 20 வயது. சரி, பயந்துபோய்ப் புத்தகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளாவது தப்பினார்களா? 2024-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்து, 18 முதல் 35 வயது வரை ஆண்களையும் 18 முதல் 27 வரை பெண்களையும் அழைக்கலாம் என்று ஆக்கினார்கள். படிக்கிற வயதில் படிக்கத்தான் அந்தப் பிள்ளைகளும் ஆசைப்பட்டார்கள்.

வங்கதேசத்தில் அரசு வேலையில் விடுதலைப் போராட்ட வீரர்களின் வாரிசுகளுக்கு 30 விழுக்காடு என்ற ஒதுக்கீட்டை நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்ததால்தான் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளின் கோரிக்கை அது. நம் ஊரில் தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கும் எந்தப் பையனுக்கும் சொல்லாமலே புரியும். ஜூலை 16 அன்று ரங்பூரில் அபு சயீத் என்ற மாணவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு போலீசுக்கு எதிரே நின்றார். கையில் ஒரு குச்சியைத் தவிர வேறெதுவும் இல்லை. சுட்டார்கள். இரண்டு நாளில் நாடு முழுக்க இணையத்தையும் துண்டித்தார்கள். அந்தச் சில வாரங்களில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கணக்கிட்டிருக்கிறது. கூலி வாங்கியவன் குண்டுக்கு முன்னால் மார்பைக் காட்டி நிற்பானா?

ஷேக் ஹசீனாவின் ஆட்சி கவிழ்ந்த பிறகு அங்கே இந்துக்களின் வீடுகளும் கோயில்களும் தாக்கப்பட்டனவே என்று கேட்பீர்கள். தாக்கப்பட்டன, அது குற்றம், அதைச் செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டும். அதை வைத்து ஜூலையில் செத்த பிள்ளைகளைக் கூலி என்று சொல்வதற்கு மட்டும் நான் ஒப்ப மாட்டேன். அடக்குமுறை நம் நாட்டிலும் நடந்தது. இந்திரா காந்தி 1975-இல் கொண்டுவந்த அவசரநிலைக் காலத்தில் ரயில் நேரத்துக்கு ஓடியது என்று சொல்லப் போகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் சித்தப்பா 1976-இல் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தார். ஜனவரி 31-இல் மாநில ஆட்சியைக் கலைத்து, விசாரணையில்லாமல் சிறையில் வைக்கும் மிசா சட்டத்தில் ஆட்களை அள்ளிக்கொண்டு போன நேரம். தணிக்கையால் பத்திரிகையில் வராத செய்திகளை நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து, இரவில் சைக்கிளில் போய்க் கதவிடுக்கில் போட்டிருக்கிறார்கள். போலீஸ் தெருமுனையில் நிற்கிறது என்று பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வந்து சொன்னதும், ஆச்சி முதலில் செய்த காரியம் சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்ததுதான். நகக்கண்ணில் கறுப்பு மை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தாள், பீர்க்கங்கூட்டால் தேய்த்தாள், விரல் சிவந்து ரத்தம் கசிந்ததே தவிர மை போகவில்லை. அந்தக் கையை விரித்துப் பார்த்துத்தான் அழைத்துப் போனார்கள். பத்தொன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது அவருக்கு ஒரு காது கேட்கவில்லை. கல்லூரியில் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தக் கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். சித்தப்பா நாற்பது வருடம் அரிசி மண்டியில் கணக்கு எழுதினார்.

"அதைத்தானே நாங்களும் சொல்கிறோம், வாழ்க்கை வீணாகிவிடக் கூடாது என்ற அக்கறையில்தான் உட்காரச் சொன்னார்" என்று நேற்று ஒரு நண்பர் எனக்கு எழுதியிருந்தார். இந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். சித்தப்பாவின் வாழ்க்கையை வீணாக்கியது அவர் அச்சடித்த தாள் அல்ல, அவரை அடித்த கை. மறுபடி சேர்க்காத கையெழுத்து. வீட்டுக்கு வந்து போவதை நிறுத்திக்கொண்ட சொந்தக்காரர்கள். அடித்தவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், அடி வாங்கியவனிடம் போய் உனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பதற்கு அக்கறை என்று பெயர் வைக்காதீர்கள். எங்கள் ஆச்சி சாகும்வரை ஒருநாளும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவளுக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது.

1977 மார்ச் தேர்தலில் நாடு அவசரநிலைக்கு எதிராக வாக்களித்தது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் 39 தொகுதிகளில் 34 அந்த அவசரநிலையைக் கொண்டுவந்த கட்சி இருந்த கூட்டணிக்கே போயின. முடிவு வந்த அன்று சித்தப்பா காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போனவர் இருட்டிய பிறகுதான் திரும்பினார் என்று அம்மா சொல்வாள். அடி வாங்கியதைவிட ஊர் கைதட்டியதுதான் அவரை முடக்கிப்போட்டது என்று நான் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கைதட்டலைக் கேட்டபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் எழுந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண்ணிடம் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மணியாச்சி ரயில் நிலையத்துக்கு வாஞ்சியின் பெயரை வைத்திருக்கிறோம். பாளையங்கோட்டை மைதானத்துக்கும் டவுன் மணிமண்டபத்துக்கும் வ.உ.சி.யின் பெயர். அந்தப் பெண் தினமும் கல்லூரிக்குப் போகிற வழியில் இந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டுதான் போகிறாள். கேள்வி கேட்க அவளை யார் தூண்டிவிட்டார்கள் என்று விசாரிக்கிறவர்கள் அந்தப் பலகைகளைப் போய்ப் பார்க்கட்டும்.

கடைசியாக, கூட்டத்தை நடத்திய நண்பர்களுக்கு ஒன்று. நீங்கள் வெளியிட்டிருக்கும் காணொளியில் பேச்சாளரின் உரை முழுமையாக இருக்கிறது, நன்றியுரை இருக்கிறது, பொன்னாடை போர்த்தியதுகூட இருக்கிறது. அவள் எழுந்து கேட்ட அந்த நான்கு நிமிடத்தை மட்டும் வெட்டியிருக்கிறீர்கள். நேற்று மாலை சித்தப்பா, கேட்கிற காதுப் பக்கம் கைப்பேசியை வைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளை பேசுனது எங்கல?" என்று என்னிடம் கேட்டார். அந்தப் பகுதியைச் சேர்த்து மறுபடி வெளியிடுங்கள்.