அழுக்கு என்ஜின்களின் மேல் பழி போடாதீர்கள்

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் 1967 கோடையில் எடுத்த நீராவி ரயில் என்ஜின் படங்களைப் பகிர்ந்து, "நீராவி ஏன் ஒழிந்தது என்று இதைப் பார்த்தாலே தெரியும்" என எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. படம் பொய் சொல்லவில்லை. என்ஜினின் பச்சை வண்ணம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். உடம்பெல்லாம் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும். ஆனால் அது நீராவி என்ஜினின் குணமல்ல. ஒழிக்க முடிவெடுத்த பிறகு அதைக் கவனிக்காமல் விட்டவர்களின் குணம்.

நீராவி என்ஜின் ஆள் பலத்தில் ஓடுவது. ஓட்டம் முடிந்து ஷெட்டுக்கு, அதாவது என்ஜின் கொட்டகைக்கு, வந்ததும் நெருப்பைக் கிளறி, உருகிக் கட்டிதட்டிய கசடை உடைத்து எடுக்க வேண்டும். சாம்பல் தட்டைக் காலி செய்ய வேண்டும். முன்பக்கப் புகையறையில் குவிந்த கரித்தூளை மண்வெட்டியால் வாரிக் கொட்ட வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை கொதிகலனை ஆறவிட்டு, அடைப்பான்களைத் திறந்து, நீரைப் பீய்ச்சி உள்ளே படிந்த உப்பைக் கழுவ வேண்டும். மறுபடி நெருப்பு மூட்டினால் ஆவி ஏறப் பல மணி நேரம் பிடிக்கும். இதில் ஒன்றைத் தள்ளிப்போட்டாலும் என்ஜின் அன்றைக்கே நின்றுவிடாது. மெல்ல மெல்லச் சோர்ந்துபோகும். தள்ளிப்போடுகிறவர்களுக்கு அதுதான் வசதி.

துடைப்பதை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சக்கரங்களை இணைக்கும் தண்டுகளை எண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைக்கும்போதுதான் மயிரிழை விரிசல் கண்ணில் படும், தளர்ந்த ஆணி கைக்குத் தட்டுப்படும். விரல் தடிமனுக்கு அழுக்கு ஏறிய தண்டில் எந்த விரிசலைப் பார்ப்பது? என்ஜின் துடைப்பவனாகச் சேர்ந்து, நெருப்புக்குக் கரி போடும் ஃபயர்மேனாகி, பல ஆண்டுகள் கழித்து டிரைவராவதுதான் அந்நாளைய வழக்கம். 1960களில் அந்த முதல் படியிலேயே ஆள் இல்லாமல் போயிற்று. பக்கத்துத் தொழிற்சாலையில் சுத்தமான வேலை, கூடுதல் கூலி. ஒழியப்போகிற தொழிலுக்கு எந்த இளைஞன் வருவான்? அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அது முதுகொடியும் வேலை.

1955இல், நீராவியை விட்டு டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறும் நவீனமயத் திட்டம் பிரிட்டனில் வந்தது. 1960இல் பிரிட்டிஷ் ரயில்வே தன் கடைசி நீராவி என்ஜினைக் கட்டி முடித்தது. 1966 அக்டோபரோடு, தென் இங்கிலாந்தின் ஈஸ்ட்லி ரயில் பணிமனையில் நீராவி என்ஜின்களுக்கான பெரிய பழுதுபார்ப்பும் நின்றது. வாட்டர்லூவிலிருந்து தென்கடற்கரை ஊர்களான போர்ன்மத், வேமத் போகும் பயணி ரயில்களை நீராவி என்ஜின்கள் அதற்குப் பிறகும் 1967 ஜூலை 9 வரை இழுத்துக்கொண்டுதான் இருந்தன. ஒன்பது மாதம்! ஏதாவது உடைந்தால் ஓரங்கட்டிய என்ஜினிலிருந்து கழற்றி மாட்டி ஒப்பேற்ற வேண்டிய நிலை.

ஆறு மாதத்தில் உடைக்கப்போகிற என்ஜினுக்கு எதற்குச் செலவு என்று கேட்கலாம். கணக்குப்பிள்ளையின் கேள்வி அது, நியாயமும் இருக்கிறது. புதுக் கொதிகலன் போடச் சொல்லவில்லை. ஆனால் முன்புறம் கசியும் ஆவி டிரைவரின் கண்ணை மறைத்தால் சிக்னல் தெரியாது. பெட்டிக்குள் இருப்பவர் கடைசி நாள் வரைக்கும் முழுக் கட்டணம் கொடுத்துத்தானே டிக்கெட் வாங்கினார்?

இத்தனை அலட்சியத்துக்குப் பிறகும் அவை ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது. பொறியாளர் புல்லிட் வடிவமைத்த மெர்ச்சன்ட் நேவி வகை என்ஜின்கள், அந்தக் கடைசி வாரங்களிலும், அழுக்கு மேனியோடு, மணிக்கு 100 மைலைத் தாண்டின. விடைகொடுக்கும் முன் என்ஜினின் முழு பலத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று சில டிரைவர்களும் ஃபயர்மேன்களும் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். கரி அள்ளிப் போட்ட அந்தக் கைகளுக்கு என் வணக்கம்.

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் அதே வகையைச் சேர்ந்த 35028 எண் 'கிளான் லைன்' என்ஜினைப் பாருங்கள். அதுவும் 1967 ஜூலை வரை அந்தத் தடத்தில் ஓடியதுதான். ஆர்வலர் சங்கம் ஒன்று அதை ரயில்வேயிடமிருந்து நேரடியாக விலைக்கு வாங்கியது. உறுப்பினர்கள் விடுமுறை நாட்களில் கூடி, குழாய் மாற்றி, கொதிகலன் செப்பனிட்டு, துணி எடுத்துத் துடைத்தார்கள். 1974இல் அது மீண்டும் பிரதான பாதையில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது.