காற்றைக் கேட்க விடுங்களேன்!

பிரான்சின் தென்கடலோரம், கசீஸ் ஊருக்கும் லா சியோதாவுக்கும் இடையே மலைமுகட்டுச் சாலை ஒன்று ஓடுகிறது. வழிநெடுக நின்று பார்க்கும் இடங்கள். காப் கனாய் முனையை ஒட்டிய பாறைமுகடு 394 மீட்டர் வரை உயர்கிறது. எட்டிப் பார்த்தால் செம்மண் நிறப் பாறை நேராகக் கடலில் இறங்குகிறது. எதிரே கலாங்க் மலைகளின் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். இப்படியொரு இடத்தில் புளூடூத் ஸ்பீக்கர் எதற்கய்யா?

கார் கதவைத் திறந்து வைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி பாட்டு. விளிம்பில் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே குடும்பம் அரை மணி நேரம் போட்டோ எடுக்கிறது. பின்னால் ஒரு வயதான அம்மா கைத்தடியோடு காத்து நிற்கிறார். ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

மிஸ்ட்ரால் காற்று பலமாக வீசினால் இந்தச் சாலையையே மூடிவிடுவார்கள். திறந்திருக்கும் நாளே கொடுப்பினை. பக்கத்தில் சுஜித்தோன் குடாவில் மிதிபட்டு மிதிபட்டு மண் அரித்துப்போய், 2022 முதல் கோடையில் முன்பதிவு செய்தவர்களை மட்டும்தான் விடுகிறார்கள். இங்கேயும் அதுதான் வர வேண்டுமா? பாட்டை அணையுங்கள். படம் எடுத்தாயிற்றா, நகருங்கள். அந்த அம்மாவும் கடலைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறார்.