கூடலூர் தாயகம் திரும்பியோர் அகதிகள் அல்லர்

"கூடலூர், கோத்தகிரி பக்கம் இருக்கும் சிலோன்காரர்கள் 1987 ராஜீவ்–ஜெயவர்த்தனே ஒப்பந்தத்தால் வந்த அகதிகள், குடியுரிமை இல்லாதவர்கள், வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

இவர்களை இங்கே கொண்டுவந்தது 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கை 1948இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம் அங்கிருந்த இந்திய வம்சாவளி மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென 1964இல் முடிவானது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தொழிலாளர்களின் விருப்பத்தை யார் கேட்டார்கள்? பண்டத்தைப் பங்கிடுவதுபோல மனிதர்களைப் பங்கிட்டார்கள் என்பதே என் ஆதங்கம்.

எங்கள் லைன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) பாட்டி ஒருவர் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். கண்டியில் முத்திரையிட்ட இந்தியப் பாஸ்போர்ட், ஓரம் நைந்த குடும்ப அட்டை. தலைமன்னாரில் கப்பல் ஏறும்போதே அவர் இந்தியக் குடிமகள். இவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. இன்றைய டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) அதுதான்.

1987 ஒப்பந்தம் முதன்மையாக இனப்போரை நிறுத்தவும் மாகாண சபைகளை அமைக்கவும் எழுதப்பட்டது. 1983 கலவரத்துக்குப் பின் வந்த ஈழ அகதிகளின் சட்டநிலை வேறு. அவர்களில் பெரும்பாலோருக்கு இன்னும் இந்தியக் குடியுரிமை கிடைக்கவில்லை. அந்தத் துயரத்தை இவர்கள் தலையில் ஏற்றி, வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்வது அநியாயம்.