வெடிக்கவைத்தது யார்?

பிரபஞ்சம் பெருவெடிப்பில் தொடங்கியது என்று ஒருவர் வாயெடுத்ததுமே, ‘அதை வெடிக்கவைத்தது யார்?’ என்று எதிராளி மடக்குகிறார். மடக்கியவர் முகத்தில் வெற்றிக் களை. பெருவெடிப்பைப் பேசியவரோ பதில் தெரியாமல் கோபப்படுகிறார். எத்தனை முறை பார்த்தாகிவிட்டது!

இருவரையும் குழப்புவது அந்தப் பெயர்தான். 1949இல் பிபிசி வானொலி உரையில் அந்தப் பெயரைச் சொன்ன பிரிட்டன் வானியலாளர் ஃபிரெட் ஹாயில், அந்தக் கோட்பாட்டையே ஏற்காதவர். பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் என்றாலே மத வாடை வீசுவதாக அவருக்கு எரிச்சல். கோட்பாட்டுக்கு அடித்தளம் இட்ட ஜார்ஜ் லெமைத்ரவோ கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த அறிவியலைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டிப் பேசியபோது, மகிழ்ந்திருக்க வேண்டிய அவர் சங்கடப்பட்டார். தன் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்றும், கடவுளை மறுப்பவருக்கும் அதில் தடையில்லை என்றும் பின்னாளில் எழுதினார். நாத்திகர் அஞ்சியதைப் பாதிரியார் பயன்படுத்த மறுத்தார்! எனக்கு லெமைத்ரவின் மீது பெருமதிப்பு வந்தது இதனால்தான்.

சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் அடர்ந்து, கொதித்து, விரிந்துகொண்டிருந்தது. கோட்பாடு உறுதியாகச் சொல்வது அவ்வளவுதான்; குண்டைப் போல எதையும் யாரும் வெடிக்கவைத்ததாக அது சொல்வதில்லை. ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்குப் பதில் ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது வேறு கேள்வி. துகள்கள் இல்லாத நிலையான குவாண்டம் வெற்றிடத்திலிருந்து எல்லாம் தானாக வந்தது என்று சில இயற்பியலாளர்கள் முடித்துவிடுகிறார்கள். விதிகளும் புலங்களும் உள்ள வெற்றிடம் எப்படி ‘ஒன்றுமில்லை’ ஆகும்? இந்த இடத்தில் தத்துவக்காரர்கள் பக்கம்தான் நான்.

உயிரின் தொடக்கத்தையும் இதே மூட்டையில் கட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அது வேதியியல். 1953இல் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி மில்லர், பூமியின் ஆதிக் காற்று இப்படி இருந்திருக்கும் என்று கருதி, மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி நிரம்பிய கண்ணாடிக் குடுவையில் மின்பொறி பாய்ச்சினார். ஒரு வாரத்தில் நீர் சிவந்து கலங்கியது. அதில் கிளைசின் உள்ளிட்ட அமினோ அமிலங்கள், அதாவது உயிர்களின் புரதங்களைக் கட்டும் செங்கற்கள், இருந்தன. அவர் எடுத்துவைத்த பழைய குப்பிகள் சிலவற்றை, அவர் மறைந்த பிறகு, நவீனக் கருவிகளால் சோதித்தார்கள். 20க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள்! அரை நூற்றாண்டாக அட்டைப் பெட்டியில் கிடந்திருக்கின்றன.

ஆதிக் காற்றில் மீத்தேனும் அம்மோனியாவும் அவ்வளவு இருந்திருக்குமா என்ற ஐயம் நியாயமானது. அமினோ அமிலம் உயிர் ஆகிவிடாது என்பதும் உண்மை. தன்னைத் தானே பிரதியெடுக்கும் செல்லை வெறும் வேதிப்பொருள்களிலிருந்து இதுவரை யாரும் உருவாக்கவில்லை. ஆனாலும், ‘உயிரைப் படைத்துக் காட்டு பார்ப்போம்’ என்று சவால் விடும் நண்பர்கள் சற்று நிதானிப்பது நல்லது. நாளை ஏதோ ஓர் ஆய்வகத்தில் அது நடந்துவிட்டால், தங்கள் கடவுளை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?