ஓடினா ராசா, நிண்டா நோயாளி

வெள்ளவத்தை காலி வீதி கலர் லைட்ல நிண்டா போதும், காய்ச்சல்காரன் மாதிரி கார் நடுங்கும். ஏசி போட்டா எஞ்சினே ஓஃப். பின்னால பஸ்காரன் ஹோர்னில இருந்து கையை எடுக்கமாட்டான்.

கராஜ் பாஸ்மாருக்கு வாயில வாறது ப்ளக், கொயில், பெற்றோல் பம்ப். ஓடேக்க ஒழுங்கு, ஐட்லில, அதான் நிண்ட இடத்தில எஞ்சின் ஓடேக்க, மட்டும் சேட்டை எண்டா, காத்து கள்ளமா உள்ள போகுதோ எண்டு முதல்ல பாக்கவேணாமோ? ஸ்கேனர் பி0171 எண்டுதாம், அதால ஒக்சிஜன் சென்சரை மாத்தோணுமாம்! காத்துக்கு ஏத்த பெற்றோல் காணாது எண்டுற கோட் ஐயா அது. சேதி சொன்ன சென்சரையே தூக்கிறதோ?

கடைசியில பாத்தா எஞ்சின் காத்து உறிஞ்சிற பக்கத்து றப்பர் குழாய், வெக்கியூம் ஹோஸ், வளைவில வெடிச்சிருக்கு. விரலால அமத்தினா 700 ஆர்பிஎம்மில அசையாம நிக்குது. காத்து உள்ள போற வாசல், திரொட்டில் பொடி, அதுக்குள்ள கரி வேற அப்பிக் கிடக்கு.

இந்தச் சாண் ஹோஸுக்குப் பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடையளுக்குப் போனா, காத்தை எஞ்சினுக்குப் பிரிச்சு விடுற முழு மெனிஃபோல்ட்டையும் எடுங்கோ எண்டுறாங்கள்.